என் ஜெர்மன் காரும் ஒன்பது வரிக் கடிதமும்

முப்பத்தாறு வருட அரச சேவையில் நான் எழுதிய கடிதங்களை எண்ணிவைக்கவில்லை. பெரும்பாலானவற்றை நானே மறந்துவிட்டேன். பெற்றவர்கள் மறக்க முயன்றிருப்பார்கள். ஆனால் ஓய்வு பெற்றுப் பத்து வருடங்களுக்குப் பிறகு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதிய ஒன்பது வரிக் கடிதம் ஒன்று என்னை விடுவதாக இல்லை. அதில் ஒரு பொய்யும் கிடையாது. யாராவது வழக்குப் போட்டாலும் நான்தான் வெல்வேன். அதுதான் அந்தக் கடிதத்தின் கேவலம்.

காரில் இருந்து தொடங்குகிறேன்.

அரச சேவையில் ஒரு தரத்துக்கு மேலே போனவர்களுக்கு, வரிச்சலுகையோடு கார் இறக்குமதி செய்ய ஒரு பெர்மிட் கிடைத்துவந்தது. என்னோடு வேலை செய்தவர்கள் அந்தக் காகிதத்தைக் கைமாற்றி, மகளின் சீதனமாகவோ மகனின் வெளிநாட்டுப் படிப்பாகவோ ஆக்கிக்கொண்டார்கள். விதிப்படி அப்படிச் செய்யக்கூடாது. விதிப்படி நடந்த முட்டாள் நான் ஒருவன்தான் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சிருந்தது. ஓய்வுக்கு முந்திய வருடம், இருந்த சேமிப்பை எல்லாம் வழித்துத் துடைத்து, ஜெர்மனியிலிருந்து ஒரு கறுப்புக் கார் இறக்கினேன். பாமன்கடையில் ஒரு துண்டுக் காணி வாங்கியிருக்கலாம் என்று மனைவி சொன்னாள். காணியின் கதவைச் சாத்தினால் இப்படிச் சத்தம் வராது என்று நான் சொன்னேன். அந்தக் கதவுச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வங்கியின் இரும்பறையை மெத்தையால் மூடிச் சாத்துவது போலிருக்கும்.

கார் வந்து நாலு மாதத்தில் எனக்கு வலது கண்ணில் அழுத்தம் என்று கண்டுபிடித்து, வைத்தியர் கார் ஓட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்படித்தான் டிரைவர் வந்து சேர்ந்தார். அவருடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். அவர் இருபது வயதில் கொழும்புக்கு வந்து, ஓர் இரும்புக் கடையில் லொறி ஓட்டி, கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வாடகை வீட்டில் மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் குடியிருந்தார். காலையில் இரண்டு பஸ் மாறி ஆறரைக்கு முன்பு எங்கள் வாகனத் தரிப்பிடத்தில் நிற்பார். நான் கீழே இறங்கும்போது கார் துடைத்து முடிந்திருக்கும். பதினொரு வருடத்தில் அவர் பிந்தி வந்த நாட்களை இரண்டு கை விரல்களுக்குள் அடக்கலாம். பிந்திய நாட்களில் காலி வீதி வெள்ளத்தில் நின்றிருக்கும்.

எங்கள் பகுதியில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஜெர்மன் காரில் வந்து இறங்க வேண்டும். அது சாத்திரத்தில் இல்லாத சடங்கு. ஆனால் தாலியை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள். அழைப்பிதழோடு கார் விண்ணப்பமும் வரும். நான் வாடகை வாங்குவதில்லை. எங்களுக்கு முன்வரிசையில் இரண்டு கதிரை போடுவார்கள், அது போதும். டிரைவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெயின்ற் கீறாத மாதிரிப் பொனட்டில் பூ ஒட்டுவார். அதில் அவர் தனிக் கெட்டிக்காரர்.

பிறகு, சில வருடங்களாக இருந்த வாகன இறக்குமதித் தடை நீங்கியது. சில மாதங்களில் காலி வீதியில் ஒரு புது வகைக் கூட்டம் ஓடத் தொடங்கியது. சத்தம் இல்லை, புகை இல்லை, முன்பக்கத்தில் மூக்கும் இல்லை. பெயர்களைக் கேட்டால் இருமல் மருந்து போலிருந்தன. எல்லாம் சீனத்து மின்சாரக் கார்கள். நான் அவற்றுக்குப் பிரிட்ஜ் என்று பெயர் வைத்தேன்.

"தம்பி, பாரும், பிரிட்ஜ் ஒண்டு போகுது."

"பிரிட்ஜுதாங்க சார். ஆனா நம்மளை முந்திக்கிட்டுல்ல போகுது."

"வேகத்தை விடும். நூறு வருஷமாக் கார் செய்யிறவன் எங்க, நேற்று ஃபோன் செய்தவன் எங்க?"

"அதுவும் சரிதாங்க. அந்த ஃபோன்காரன் இப்ப எல்லார் பையிலயும் இருக்கான்."

டிரைவர் இப்படித்தான் கதைப்பார். எனக்குப் பதில் சொல்கிறாரா, தனக்குள் யோசிக்கிறாரா என்று பிடிபடாது.

இரத்மலானையில் எங்கள் காரைப் பார்க்கிற கராஜ்காரர் என் கட்சி. ஜெர்மன் கார்களைத் தவிர வேறு எதற்கும் பொனட்டைத் திறக்கமாட்டேன் என்று சபதம் எடுத்தவர். "அது காரா சேர்? ரிமோட்டுக்குச் சில்லுப் பூட்டி விட்டிருக்கான்" என்றார். அவர் அப்படிச் சொன்ன நேரத்தில் எங்கள் காரின் பின்பக்கக் காற்றுப் பை ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. இந்தக் காருக்கு இரும்புச் சுருள் இல்லை, காற்று அடைத்த பைகள்தான் அதைத் தூக்கிப் பிடிக்கின்றன. புதுப் பை ஜெர்மனியிலிருந்து வர ஐந்து வாரம் ஆகும், அதுவரை ஒட்டுப்போட்டுத் தருகிறேன் என்றார். ஒட்டுப்போட்ட ஜெர்மன் தொழில்நுட்பத்தோடு நாங்கள் காலி வீதியால் கம்பீரமாகத் திரும்பி வந்தோம்.

அந்த ஐந்து வாரத்துக்குள் ஒரு கல்யாணம் வந்தது. என் பழைய நண்பரின் மகள். கொடுக்காமல் விட்டிருக்க வேண்டும். வேண்டாம் சார், ரிஸ்க் எடுக்காதீங்க என்று டிரைவர் இரண்டு தடவை சொன்னார். முன்வரிசைக் கதிரை என் கண்ணில் நின்றது.

கூறை மாற்றி, தாலி கட்டி, சாப்பாடும் முடிந்து பொம்பிளையும் மாப்பிள்ளையும் வெளியே வந்தார்கள். நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. மண்டப வாசலில் என் கார் பின்பக்கம் சரிந்து, வெயிலுக்குப் படுத்த எருமை போலக் கிடந்தது. சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் விரல் போகாது. டிரைவர் ஸ்டார்ட் செய்து காத்திருந்தார். அது எழும்ப மறுத்தது.

"அங்கிள், உங்கட கார் மாப்பிள்ளையின்ர காலில விழுந்து கும்பிடுது" என்றான் பொம்பிளையின் ஒன்றுவிட்ட அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நண்பரும் சிரித்தார். சுப நேரம் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். அந்த அண்ணன்காரனே தன்னுடைய வெள்ளைப் பிரிட்ஜைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினான். என் காரில் ஒட்டியிருந்த பூவையெல்லாம் டிரைவர் ஒவ்வொன்றாகக் கழற்றி அந்த வெள்ளைக் காரில் ஒட்டினார். அண்ணன்காரன் மாப்பிள்ளைத் தோழன் வேலையாக ஓடவேண்டியிருந்தது. சாவி என் டிரைவரின் கைக்குப் போனது.

ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். நான் படுத்த காருக்குப் பக்கத்தில், யாரோ இரக்கப்பட்டுத் தந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன்.

"எப்பிடி ஓடிச்சுது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சத்தமே இல்லீங்க சார். கிளம்பும்போது சில்லுக்குக் கீழ எலுமிச்சங்காய் வச்சாங்க பாருங்க, அது நசுங்குற சத்தம் கேட்டுச்சு. இத்தன வருஷம் வண்டி ஓட்டுறேன், அந்தச் சத்தத்த இன்னைக்குத்தான் கேட்டேன்."

அவருடைய முகத்தில் இருந்ததை நான் முன்பு ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். என் பெர்மிட் கார் துறைமுகத்தால் வெளியே வந்த அன்று என் படத்தை மனைவி எடுத்திருந்தாள். அந்தப் படத்தில் இருந்தது அந்த முகம்.

மூன்று மாதம் போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, துடைத்த துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்து நின்றார்.

"சார், ஒரு உதவி."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். சின்ன மின்சாரக் கார் ஒன்று, லீசிங்கில். ஃபோனில் வருகிற வாடகை ஹயர் ஓடினால் தவணையைக் கட்டலாம். இரவில் சார்ஜ் போட மச்சானின் இரும்புக் கடை முற்றம் இருக்கிறது. முற்பணத்துக்கு மனைவியின் நகை இருக்கிறது. லீசிங் கம்பனி கேட்பது ஒன்றுதான், இப்போது வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு கடிதம். அவரிடம் சம்பளச் சிட்டை கிடையாது, ஏனென்றால் நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. ஆகவே அவர் வேலை செய்கிறார் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி என்னுடைய கையெழுத்து. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அவருடைய புக்கிங்கை வைத்திருப்பார்கள். அடுத்த கப்பலில் வருவது என்ன விலையோ, அரசாங்கம் என்ன வரி போடுமோ, யாருக்கும் தெரியாது.

"மூத்தவளுக்குப் பதினேழு சார். இன்னும் ரெண்டு வருஷத்துல கெம்பஸ் போவா. அதுக்குள்ள சொந்தமா ஒன்னு இருந்தா..."

"ஓம், ஓம். நல்ல விஷயம்" என்றேன்.

"உங்கள விட்டுட்டுப் போகலைங்க. காலையில வந்து உங்களக் கூட்டிட்டுப் போய், எங்க இறங்கணுமோ அங்க இறக்கி விட்டுட்டுத்தான் ஹயருக்குப் போவேன். என் வண்டியிலயே. இந்தப் பெரிய வண்டிய வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி வச்சாப் போதுங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல் இல்லாமல் அவர் முடித்திருந்தால் நான் நல்ல கடிதம் எழுதியிருப்பேனா என்று பல தடவை யோசித்துவிட்டேன். அப்படி நம்பினால் எனக்கு வசதி. ஆனால் அவர் இல்லாவிட்டால் என் கார் ஒரு சிலை, நான் அதற்குக் காவல்காரன் என்பது அவர் வாய் திறக்க முதலே எனக்குத் தெரிந்திருந்தது.

எழுதும் முறையைச் சொல்கிறேன். ஒருவரைக் கெடுக்கப் பொய் எழுதுபவர்கள் கற்றுக்குட்டிகள். பொய்யைப் பிடிக்கலாம். அனுபவம் உள்ளவன் உண்மைகளில் தேர்ந்தெடுப்பான். அலுவலகத்தில் ஒருவரின் பதவியுயர்வைத் தடுக்க வேண்டுமென்றால், "இவர் நேரத்துக்கு வருபவர்" என்று மட்டும் எழுதி நிறுத்துவோம். வாசிப்பவனுக்கு விளங்கும். நான் அதில் பேர்போனவன். ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த நபர் எனது தனிப்பட்ட வாகனத்தைச் செலுத்துவதற்காகத் தேவைப்படும் நாட்களில் அமர்த்தப்படுகிறார். கொடுப்பனவு நாட்கூலி அடிப்படையிலானது. இது நிரந்தர வேலை அல்ல, எதிர்காலத்தில் அமர்த்துவேன் என்பதற்கு நான் உத்தரவாதம் அளிக்கவில்லை. மிச்ச வரிகளில் அவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், என் பழைய பதவி, அடைப்புக்குறிக்குள் ஓய்வு. கீழே றப்பர் முத்திரை. ஓய்வு பெற்றபோது அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு விதியை மட்டும் நான் பின்பற்றவில்லை.

மனைவி மேசையைத் துடைக்க வந்து கடிதத்தைக் கையில் எடுத்தாள். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள்.

"இதென்ன, றோட்டில மறிச்சுப் பிடிச்ச ஆளைப் பற்றி எழுதின மாதிரிக் கிடக்கு?"

"பொய் ஒண்டு இருந்தாக் காட்டும்."

"பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம் வரிசையில ரெண்டு இரவு உங்கட காருக்குள்ள படுத்துக் கிடந்தவர். அது எத்தினையாம் வரியில இருக்கு?"

"அது இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்."

"ஓமோம். உங்களுக்குச் சம்பந்தமில்லாததெல்லாம்தான் அந்தத் தம்பி செய்தவர்" என்று சொல்லிக் கடிதத்தை வைத்துவிட்டுப் போனாள். அவள் கிழித்துப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யமாட்டாள் என்று எனக்குத் தெரியும், என் கடிதத்தை நான்தான் கிழிக்க வேண்டும் என்று நினைக்கிறவள்.

டிரைவர் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. முத்திரையை மட்டும் பெருமையோடு பார்த்தார். மறுநாள் காலை ஒரு காகித மடிப்பை நீட்டினார். உள்ளே திருநீறும் குங்குமமும்.

"கொட்டாஞ்சேனை அம்மன் கால்ல உங்க கடிதத்த வச்சு எடுத்துட்டுத்தாங்க கொண்டு போய்க் குடுத்தேன். நீங்களும் பூசிக்கங்க சார்."

பூசிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? காரின் கண்ணாடியில் பார்த்தபோது நெற்றி நிறைய இருந்தது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு ஃபோனில் செய்தி வந்தது. காரணம் சொல்லவில்லை. புக்கிங் முடிய மூன்று நாள் இருந்தது.

"உங்களுக்குத்தான் எல்லா ஒழுங்கும் தெரியும். நீங்க ஒரு வார்த்த வந்து கேட்டா சொல்லுவாங்க சார்."

வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு விதியும் ஞாபகம் வரவில்லை. புதன்கிழமை போனோம். மாடியில் குளிரூட்டிய அறை. மேசைக்கு அந்தப் பக்கம், மரியாதை தெரிந்த ஒரு சிங்கள இளைஞன். என்னை இருத்தினான். டிரைவர் என் கதிரைக்குப் பின்னால் நின்றார். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் பின்னால் நிற்கும்போது இந்த உரையாடல் ஆங்கிலத்திலேயே நடந்து முடிந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இளைஞன் விண்ணப்பக் கோவையைத் திறந்து, என் கடிதத்தை வெளியே எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தான். மூன்று வரிகளுக்கு மேல் மஞ்சள் மை பூசியிருந்தது. என் வேலையைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள்.

பிறகு அவன் நிமிர்ந்து, எனக்குப் பின்னால் நின்றவரையும் சேர்த்துப் பார்த்து, இருவருக்கும் விளங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் சிங்களத்துக்கு மாறினான்.

"மே லியும நிசா தமய், சேர்."

இந்தக் கடிதத்தால்தான். மீதியையும் சொன்னான். முற்பணம் சரி, லைசன்ஸ் சரி, மச்சானின் பிணை சரி. ஆனால் வேலை கொடுப்பவரே இது நிரந்தரமில்லை, தேவையான நாளில்தான் கூப்பிடுவேன், நாளைக்குக் கூப்பிடுவேனோ தெரியாது என்று எழுதித் தந்திருக்கும்போது தாங்கள் என்ன செய்வது? நான் திரும்பிப் பார்க்கவில்லை. கதிரையின் முதுகில் வைத்திருந்த அவருடைய கை எடுபட்டது தெரிந்தது.

இப்போதே வேறு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். பேனையையும் எடுத்துவிட்டேன். இளைஞன் உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினான். முதல் கடிதம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. அதே ஆள் ஒரு கிழமைக்குள் அதற்கு எதிராக இன்னொன்று தந்தால், எது உண்மை என்று மேலிடத்தில் கேட்பார்கள். நிராகரித்த விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்குப் பிறகுதான் புதிதாகப் போடலாம்.

"சேர் தன்னவானே" என்று முடித்தான். சேருக்குத் தெரியும்தானே. சேருக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய இடத்தில் இருந்து அதே வசனத்தை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது டிரைவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கடல் பக்கமாப் போகவா சார், காலி வீதியாலயா?" எப்போதும் கேட்கிற கேள்வி, எப்போதும் கேட்கிற குரல். கடல் பக்கமாக வந்தோம். தண்டவாளத்தில் ரயில் ஒன்று எங்களோடு கொஞ்சத் தூரம் ஓடி முந்திப் போனது. காருக்குள் இருக்கைகளுக்குத் தைத்த தோலின் மணம். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க இரட்டைக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அதற்கும் நான் தனியாகக் காசு கொடுத்திருந்தேன். அன்றைக்கு வெளியில் எவ்வளவு சத்தமாக இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

தரிப்பிடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் இறங்கவில்லை. கையை ஸ்டீரிங்கிலேயே வைத்துக்கொண்டு முன்னால் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க எழுதுனது சரிதாங்க சார். நெரந்தரம்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, ஆங்கிலத்தில் தொடங்கினேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் இறங்கி வந்து எனக்குக் கதவைத் திறந்தார். நான் இறங்கிய பிறகு சாத்தினார். அந்த அழகான சத்தம்.

வெள்ளிக்கிழமை புக்கிங் கைமாறிவிட்டது. அந்த வாரமே என் பெயருக்கு ஒரு தடித்த விளம்பரப் புத்தகம் தபாலில் வந்தது, பழைய வாடிக்கையாளன் என்பதால். என் காரைச் செய்த ஜெர்மன்காரர்கள் மின்சாரக் கார் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். சத்தம் இல்லை, புகை இல்லை என்று அவர்களே பெருமையாக எழுதியிருந்தார்கள். மூக்கையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து வாரம் என்று சொல்லி நாலு மாதத்தில் வந்த காற்றுப் பையை மாற்ற இரத்மலானைக்குப் போனபோது கராஜ்காரரின் மதிலில் புதுச் சார்ஜர் ஒன்று பூட்டியிருந்தது. "என்ன செய்ய சேர், மகன் கோர்ஸ் ஒண்டு செஞ்சிட்டான்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சண்டை முடிந்து இரண்டு பக்கத்தாரும் ஒருவரிடம் ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒருத்தன் மட்டும் அவர்கள் கேட்காமலே அவர்களுக்காகப் போராடி, கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பத்தை வீழ்த்தியிருக்கிறேன்.

அவர் வேலையை விட்டுவிடுவார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், விட்டால் நல்லது என்றும் நினைத்தேன். கோபித்துக்கொண்டு போகிறவனைப் பற்றி நாலு பேரிடம் குறை சொல்லலாம். திங்கட்கிழமை ஆறரைக்கு அவர் தரிப்பிடத்தில் நின்றார். கார் துடைத்து முடிந்திருந்தது. கையில் ஒரு தடித்த அட்டைக் கொப்பி.

"சார், லீசிங் தம்பிகிட்ட தனியாப் போய்க் கேட்டேன். அடுத்த தடவைக்கு வேலைக்கு வந்த நாளையெல்லாம் எழுதி, மொதலாளி கையெழுத்தோட கொண்டு வந்தா உதவும்னு சொன்னாரு. இதுல ஒரு கையெழுத்து."

மூத்த மகள் கோடு அடித்துக் கொடுத்திருந்தாள். திகதி, வந்த நேரம், போன நேரம், கையொப்பம். அழகான கையெழுத்து. என் அலுவலகத்தில்கூட வரவுப் பதிவேடு இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. பொனட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் "தேங்ஸ் சார்" என்று வாங்கி, மை காயும்வரை ஊதிவிட்டு, முன்பெட்டிக்குள் வைத்தார்.

அன்று தொடங்கியது. இப்போது நாலு மாதத்துக்கு மேலாகிறது. ஒவ்வொரு நாளும் காலை முதல் வேலை அதுதான். கார் இப்போது மற்றப் பக்கம் ஒழுகுகிறது. அவர் ஸ்டார்ட் செய்துவிட்டு அது எழும்பும்வரை காத்திருப்பார், அதற்குள் நான் கையெழுத்து வைப்பேன். அதைத் தண்டனையாகச் செய்கிறாரா என்று அவர் முகத்தில் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. ஒரு மனிதன் விதியைத் தெரிந்துகொண்டு அதன்படி நடக்கிறான், அவ்வளவுதான். நான் வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் எதிர்பார்த்தது.

புதுக் கடிதம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். ஆறு மாதம் முடிகிற நாளுக்கு. ஒன்பது வரி இரண்டு பக்கமாகிவிட்டது. பெற்றோல் வரிசை அதில் இருக்கிறது. பதினொரு வருடம் இருக்கிறது. நிரந்தரம் என்ற சொல் மூன்று தடவை வருகிறது. மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"நல்ல கடிதம்" என்றாள். "இதை எழுதத் தெரிஞ்சு வைச்சுக்கொண்டுதானே மற்றதைக் குடுத்தனீங்கள்."

ஆனால் அதை இன்னும் அவரிடம் காட்டவில்லை. மன்னித்துக்கொள்ளும் தம்பி என்ற இரண்டு சொல்லும் இன்னும் என் வாயால் வரவில்லை. அடுத்த கப்பல் கார்களின் விலை ஏறியிருக்கிறது என்று கேள்வி. அவருடைய மனைவியின் நகை ஆறு மாதத்துக்குப் பிறகும் போதுமோ தெரியாது. அதைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் அவருடைய சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வரவில்லை. மறுநாள் காலை கொப்பியைத் திறந்தபோது முந்திய திகதிக்கு எதிரே வெறுமையாக ஒரு வரி இருந்தது. ஆறு மாதம் இடைவிடாமல் நிறைந்திருந்தால் பார்க்கிறவனுக்கு நல்லது என்று எனக்குத் தெரியும். இப்படியான வெறுமையான வரிகளை வைத்துத்தான் நான் ஆட்களைக் கவிழ்த்திருக்கிறேன். பேனையை அந்த வரிக்கு மேல் கொண்டுபோனேன்.

"நேற்றைக்கும் சேர்த்துப் போட்டு விடட்டே, தம்பி?"

கார் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. அவர் எட்டிக் கொப்பியைப் பார்த்தார். பிறகு அடுத்த வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

"நேத்து நான் வரலைங்களே சார். இங்க போடுங்க."